வான்கோழி வேட்டை: கூப்பிடும்போது துப்பாக்கி ஆடாமல் இருக்க – கேள்வி-பதில்

அமெரிக்காவில் வசந்தகால வான்கோழி சீசன் நெருங்கும்போது வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே சிக்கலைப் பற்றியவைதான்: பெட்டையின் குரலில் கூப்பிட்டுச் சேவலை வரவழைக்கவும் வேண்டும், ஷாட்கன்னும் அசையாமல் நிற்க வேண்டும். இருப்பதோ இரண்டு கை. இந்த முறை அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

சேவல் கொக்கரிக்கும் சத்தம் கேட்டதுமே துப்பாக்கியைத் தோளில் ஏற்றிவிடுகிறேன். அது கண்ணில் படுவதற்குள் பத்து நிமிடம் ஆகிவிடுகிறது. அதற்குள் இடது கை நடுங்கி, குழல் முனை வட்டம் போடுகிறது. கையில் பலம் போதவில்லையா?
– ஆஸ்டின், டெக்சாஸ்

பலம் காரணமே இல்லை. 12 கேஜ் (கேஜ் என்பது குழல் விட்டத்தின் அளவு) துப்பாக்கி ஏறக்குறைய 3.2 கிலோ இருக்கும். அதை அந்தரத்தில் பத்து நிமிடம் தாங்கினால் பயில்வான் கையும் நடுங்கத்தான் செய்யும். எடையைத் தசை சுமக்கக் கூடாது. அது எலும்பு வழியாகத் தரைக்கு இறங்க வேண்டும்.

முதலில் மரம். உங்கள் தோளைவிட அகலமாகவும், உட்கார்ந்தால் தலைக்கு மேல் உயர்ந்தும் இருக்கும் மரமாகத் தேர்ந்தெடுங்கள். அது உங்கள் உருவத்தை மறைக்கும். அதைவிட முக்கியமாக, பின்னாலிருந்து வரும் இன்னொரு வேட்டைக்காரரின் தவறான குண்டிலிருந்து காப்பாற்றும். மரத்தடியில் உட்காரும் இடத்திலும் குதிகால் வைக்கும் இடத்திலும் சருகை முழுக்க ஒதுக்கி மண் தெரியும்படி செய்யுங்கள். அப்புறம் நகர வேண்டி வந்தால் சலசலப்பு கேட்காது.

வலது கைக்காரர் என்றால், சேவல் வரும் திசையை உங்கள் இடது தோள் பார்த்திருக்க வேண்டும். நெஞ்சு நேராகப் பறவையைப் பார்த்தபடி உட்காருவதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. உட்கார்ந்த நிலையில் குழலை இடப்பக்கம் வெகுதூரம் திருப்ப முடியும், வலப்பக்கம் கொஞ்சம்தான் திரும்பும். இடது தோளை முன்னே வைத்தால் இரண்டு பக்கமும் இடம் கிடைக்கும். இடது கைக்காரர்கள் இதை அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்து இடது முழங்காலை மடக்கி உயர்த்தி, குதிகாலை மண்ணில் அழுத்தி ஊன்றுங்கள். துப்பாக்கியின் முன்கட்டை (குழலுக்கு அடியில் பிடிக்கும் கட்டை) அந்த முழங்கால் மேல். இடது கை முன்கட்டைக்கும் முழங்காலுக்கும் நடுவில் மெத்தைபோல இருக்கட்டும். குழலையே முழங்கால் மேல் வைக்காதீர்கள். பின்கட்டை வலது தோள் குழியில் லேசாகப் பதிந்திருக்கட்டும். இப்போது இடது கையை எடுத்துப் பாருங்கள். துப்பாக்கி இருந்த இடத்திலேயே நின்றால் உட்கார்ந்தது சரி. சரிந்தால் குதிகாலை இன்னும் உள்ளே இழுங்கள், அல்லது உட்காரும் மெத்தையின் உயரத்தைக் குறையுங்கள்.

கடைசியாக, குழலை இடமிருந்து வலம் ஒருமுறை மெதுவாகத் திருப்புங்கள். இடிக்கும் குச்சி ஏதாவது இருந்தால் கத்தரித்துவிடுங்கள். இத்தனையும் முடிந்த பிறகுதான் முதல் கூப்பாடு. சேவல் பதில் கொடுத்த பிறகு இதையெல்லாம் செய்யப் பார்த்தால், அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது.

பாக்ஸ் காலுக்கு (box call: மூடியை உரசிப் பெட்டைக் குரல் எழுப்பும் மரப்பெட்டி) இரண்டு கையும் வேண்டியிருக்கிறது. அதைக் கீழே வைத்துத் துப்பாக்கியை எடுப்பதற்குள் சேவல் பார்த்துவிடுகிறது. வாயில் வைத்துக் கூப்பிடும் கருவிக்கு மாறத்தான் வேண்டுமா?
– ஹாரிஸ்பர்க், பென்சில்வேனியா

கடைசி 60 கெஜத்துக்கு ஆம். அதுவரை வேண்டாம். பாக்ஸ் காலின் சத்தம் வெகுதூரம் போகும். ஆர்கன்சாவில் ஹென்றி கிப்சன் 1897-இல் காப்புரிமை வாங்கிய பெட்டியின் அமைப்புதான் இன்றைக்கும் பெரும்பாலும் புழங்குகிறது. தூரத்துச் சேவலைத் திருப்ப அதற்கு ஈடு குறைவு. ஆனால் பக்கத்தில் வந்த பறவைக்கு முன்னால் இரண்டு கையை ஆட்டுவது தற்கொலைக்குச் சமம். அதன் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால், தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய 270 டிகிரி பார்க்கும்.

எனவே முறை இது. துப்பாக்கி ஏற்கெனவே முழங்காலில் இருக்கிறது. பெட்டியை மடியில் வைத்துத் தூரத்துக்குக் கூப்பிடுங்கள். பதில் கொக்கரிப்பு நெருங்கிவருகிறது என்று தெரிந்ததும், அது கண்ணில் படும் முன்பே, பெட்டியை வலது தொடையின் ஓரமாகத் தரையில் வையுங்கள். மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு துணித்துண்டைச் செருகிவிட்டால், வைக்கும்போது தவறிக் கீச்சென்று கத்தாது. ஸ்லேட் கால் (வட்டப் பலகையைக் குச்சியால் உரசிக் கூப்பிடும் கருவி) பழகியவர்களுக்கும் இதே கணக்குதான். உரசும் குச்சியை நழுவவிட்டு, கையைத் தொடை ஓரமாகவே ஊர்ந்து மேலே கொண்டுவாருங்கள்.

அதற்குப் பிறகு வாயில் வைக்கும் கருவிதான் பேச வேண்டும். புதிதாகத் தொடங்குபவர் ஒன்று அல்லது இரண்டு ரப்பர் இதழ் உள்ளதை வாங்கவும். திறந்த பக்கம் உதட்டை நோக்கி இருக்க, நாக்கால் மேலண்ணத்தில் ஒட்டி அழுத்துங்கள். ஓரத்து டேப் அண்ணத்தில் இடித்துக் குமட்டல் வந்தால் சிறிது சிறிதாகக் கத்தரித்துக்கொள்ளலாம். எல்லாக் குரலும் வர வேண்டியதில்லை. பெட்டையின் மெல்லிய ‘க்ளக்’, ‘பர்’ ஒலிகள் இரண்டும் ஒழுங்காக வந்தால் கடைசிக் கட்டத்துக்குப் போதும்.

வாயில் எதையும் வைக்க முடியாது என்பவர்கள், தள்ளினால் ஒலிக்கும் சிறு புஷ்-பட்டன் கருவியை முன்கட்டையின் அடியில் ரப்பர் பட்டையால் கட்டிக்கொள்ளலாம். இடது கையின் ஒரு விரல் அசைந்தால் போதும். கயிறு கட்டி இழுக்கும் வகை என்றால், அந்தக் கயிறு விசைப் பக்கமே போகக் கூடாது.

முழங்கால் வலியால் காலை மடக்கி வெகுநேரம் உட்கார முடியவில்லை. பைபாட் (இரட்டைக் கால் தாங்கி) வாங்கலாமா, ஊன்றுகோல் வாங்கலாமா?
– அட்லாண்டா, ஜார்ஜியா

காட்டுக்குள் ஒற்றை ஊன்றுகோல், வயல் ஓரத்தில் பைபாட். காரணம், பைபாட் இரண்டு காலிலும் உறுதியாக நிற்கும். ஆனால் பறவை பத்தடி தள்ளி வந்தால் அதைத் தூக்கித்தான் நகர்த்த வேண்டும். ஒற்றைக் கோல் ஊன்றிய இடத்திலேயே சுழலும், சாயும்.

நீளத்தைக் கடையில் முடிவுசெய்யாதீர்கள். வேட்டையில் உட்காரும் அதே மெத்தையில் உட்கார்ந்து, துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு, தரைக்கு இணையாகத் தோளில் வையுங்கள். தரைக்கும் முன்கட்டைக்கும் உள்ள உயரத்தை வேறொருவர் அளக்கட்டும். அதைவிட ஓர் அங்குலம் குறைவாகக் கோலை நிறுத்துங்கள். சேவல் மேட்டிலிருந்தா, பள்ளத்திலிருந்தா வரும் என்பதைப் பொறுத்துக் கோலைச் சாய்த்துச் சரிசெய்துகொள்ளலாம். கவட்டையில் துணியோ பஞ்சோ சுற்றுங்கள். உலோகத்தில் உலோகம் படும் ‘டிங்’ என்ற ஓசை காட்டில் இருப்பதில்லை.

எல்லாம் சரியாக அமைத்தும், சேவல் எதிர்பாராமல் வலப்பக்கம் வந்துவிட்டது. என்ன செய்வது?
– நாஷ்வில், டென்னசி

கூப்பிடுவதை நிறுத்துங்கள். ஒவ்வொரு கூப்பாடும் அதன் பார்வையை நேராக உங்கள்மேல் கொண்டுவருகிறது. அதன் தலை ஒரு மரத்தின் பின்னால் மறையும்போதோ, தோகையை விரித்து முதுகு காட்டித் திரும்பும்போதோ மட்டும் நகருங்கள். அப்போதும் கையை நகர்த்தாமல், இடுப்பையும் குதிகாலையும் சேர்த்து உடலோடு துப்பாக்கியைத் திருப்புங்கள். கூடவே பெட்டைகள் இருந்தால் அவற்றின் கண்ணையும் கணக்கில் வையுங்கள். பெரும்பாலும் காட்டிக்கொடுப்பது அவைதான். வாய்ப்பு வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள். பயந்து ஓடாத சேவல் நாளை மறுபடி கொக்கரிக்கும்.

25 கெஜம். துப்பாக்கி முழங்காலில் கல்போல நின்றது. ஆனாலும் ஒரு ரவைகூட (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு உலோக உருண்டை) படவில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை!
– ஃப்ராங்க்ஃபோர்ட், கென்டக்கி

பறவையைப் பார்க்கும் ஆவலில் கன்னத்தைக் கட்டையிலிருந்து தூக்கியிருப்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். கண்ணிலிருந்து குழல் முனையிலுள்ள குறிபார்க்கும் சிறு மணி வரை சுமார் 36 அங்குலம், அதாவது ஒரு கெஜம். கன்னம் கால் அங்குலம் எழுந்தால், 25 கெஜத்தில் குறி ஆறு அங்குலத்துக்கு மேல் உயர்ந்துவிடும். 40 கெஜத்தில் பத்து அங்குலம். கழுத்தைக் குறிபார்த்தவரின் ரவை தலைக்கு மேல் பறக்கும்.

தீர்வு: விசையை அழுத்தும் முன் கன்னம் கட்டையில் ஒட்டியிருப்பதைத் தோல் உணர வேண்டும். ரெட்-டாட் சைட் (குறியைச் சிவப்புப் புள்ளியாகக் காட்டும் கருவி) பொருத்தினால் இந்தப் பிழை வெகுவாகக் குறையும்.

இன்னொரு காரணமும் உண்டு. இறுக்கமான டர்க்கி சோக்கில் (ரவை பரவாமல் குழல் முனையைக் குறுக்கும் குழாய்) பத்து, பதினைந்து கெஜத்தில் ரவைக் கூட்டம் ஒரு சாத்துக்குடி அளவுக்குத்தான் விரியும். கிட்டத்தில் வந்தால் எளிது என்பது தவறான நம்பிக்கை. தோகை விரித்து நிற்கும் சேவல் கழுத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், அப்போது சுடாதீர்கள். வாயால் ஒரு கூர்மையான க்ளக் கொடுங்கள், கழுத்து குழாய்போல நீளும். இறகு முடிந்து சிவந்த தோல் தொடங்கும் இடம்தான் குறி.

சீசனுக்கு முன் காகிதத்தில் சுட்டுப் பாருங்கள். 40 கெஜத்தில், 10 அங்குல வட்டத்துக்குள் 100 ரவை விழ வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல். விழாவிட்டால் உங்கள் எல்லை 40 இல்லை, 30-தான். மேசையில் சுட்டுப் பார்த்த பிறகு ஓரிரு தோட்டாக்களையாவது மரத்தடியில் உட்காரும் அதே நிலையில் சுடுங்கள்.

மறைவுக் கூடாரத்துக்குள் இருந்தால் இந்தக் கவலையெல்லாம் இல்லைதானே?
– டல்லாஸ், டெக்சாஸ்

அசைவைப் பற்றிய கவலை குறையும். புதிய கவலை ஒன்று வரும். சைட் குழலுக்கு மேலே இருப்பதால், சைட்டில் ஜன்னல் தாண்டித் தெரிந்தாலும் குழல் முனை துணிக்குப் பின்னால் இருக்கலாம். குறிபார்த்தபடியே முனையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சேஃப்டியை (விசையைத் தடுக்கும் பூட்டு) எப்போது எடுப்பது?
– ஜாக்சன், மிசிசிப்பி

பறவை எல்லைக்குள் வந்து, அது தாடியுள்ள (நெஞ்சில் தொங்கும் முடிக்கற்றை) சேவல் என்று உறுதியாகி, அதன் பின்னால் யாரும் இல்லை என்று தெரிந்த பிறகு. விரல் அதுவரை விசை வளையத்துக்கு வெளியே. பதில் குரல் கொடுப்பது இன்னொரு வேட்டைக்காரராகவும் இருக்கலாம். சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் சேவல் தலையின் நிறங்கள். உங்கள் உடலில் எங்கும், சாக்ஸில்கூட, அவை தெரியக் கூடாது.

என் 12 வயது மகளை முதல்முறை அழைத்துப்போகிறேன். என் 12 கேஜை அவளால் தாங்க முடியவில்லை.
– கொலம்பஸ், ஒஹையோ

அதைக் கொடுக்காதீர்கள். உதைப்புக்கு ஒருமுறை பயந்துவிட்டால், பிறகு விசையை அழுத்தும்போதெல்லாம் கண்ணை மூடுவாள். அதைவிடச் சிறிய குழலுள்ள 20 கேஜ் அல்லது டங்ஸ்டன் ரவையுடன் .410 எடுங்கள். பின்கட்டையை அவள் முழங்கை மடிப்பில் வைத்துப் பார்த்தால் ஆள்காட்டி விரல் விசையை எட்ட வேண்டும். எட்டாவிட்டால் கட்டை நீளம்.

துப்பாக்கியை டிரைபாடில் பொருத்தி, அவளை உங்கள் முழங்கால்களுக்கு நடுவில் முன்னால் உட்காரவையுங்கள். கூப்பிடுவது உங்கள் வேலை, அதுவும் வாயில் வைக்கும் கருவியில் மட்டும். உங்கள் வலது கை அவள் தோளில் இருக்கட்டும். சொல்ல வேண்டியதைத் தட்டியே சொல்லலாம்: ஒரு தட்டு என்றால் நில், இரண்டு என்றால் சுடு. இருவருக்கும் எலக்ட்ரானிக் காதுக்கவசம் அவசியம். கொக்கரிப்பு கேட்கும், வெடிச்சத்தம் அடங்கும். வீட்டில் டம்மி தோட்டாவுடன் தினம் பத்துமுறை பழகட்டும். ஒவ்வொரு முறையும் விசை ‘க்ளிக்’ என்ற பிறகும் கன்னம் கட்டையிலேயே இருக்கிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.