ஆம்பூர் பிரியாணி: மூன்று சமையல் வேண்டாம், இரண்டு பாத்திரம் போதும்

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடினால் எங்கள் வீட்டில் ஆம்பூர் மட்டன் பிரியாணிதான். இப்போது வந்திருக்கும் மருமகள் சைவம். பேரனோ கறி மட்டுமில்லை, பால், தயிர், நெய் எதையும் தொடமாட்டேன் என்கிறான், வீகனாம். ஒரே நாளில் மூன்று சமையல் செய்ய என்னால் ஆகவில்லை. என்ன வழி? – காட்பாடி வாசகி

மூன்று எதற்கம்மா? பேரன் சாப்பிடுவதை மருமகள் தாராளமாகச் சாப்பிடலாம். அதனால் சைவப் பாத்திரத்தைத் தயிரும் நெய்யும் இல்லாமலே செய்துவிடுங்கள். மருமகளுக்குத் தயிர் வெங்காயம் பக்கத்தில் இருந்தால் போதும்.

ஆம்பூர் பிரியாணிக்கு இது சுலபம். அதன் ருசி நெய்யை நம்பி இல்லை. ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய் விழுது, பூண்டு, சீரகச் சம்பா, இவைதான் அதன் உயிர்.

கடலை எண்ணெயில் பட்டை, கிராம்பு, ஏலக்காய் தாளித்து வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, மிளகாய் விழுது, தக்காளி, புதினா, கொத்தமல்லி என்று வரிசையாக வதக்குங்கள். எண்ணெய் பிரிந்ததும் சைவத்துக்கு வேண்டியதை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். கறியும் தயிரும் மீதியில், அதற்குப் பிறகுதான். அரிசியை எப்படியும் தனியே முக்கால் பதத்தில் வடிக்கிறோம், அதனால் இரண்டுக்கும் ஒரே உலை. உலையில் நெய் விடும் பழக்கம் இருந்தால் அன்றைக்கு மட்டும் வேண்டாம்.

தயிர் புளிப்பு தரும், கறியை மெதுவாக்கும். காய்க்கு மெதுவாக்கும் வேலை இல்லை. ஒரு தக்காளி கூடுதல், கடைசியில் அரை மூடி எலுமிச்சை, சரியாகிவிடும். தேங்காய்ப் பால் ஊற்றச் சொல்வார்கள். இனிப்புத் தட்டும், அது வேறு ஊர் பிரியாணி.

கறிக்குப் பதில் என்ன? என் ஓட்டு பிஞ்சுப் பலாக்காய்க்குத்தான். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்கி, உப்பு மஞ்சள் போட்டு முக்கால் வேக்காடு வேகவைத்து வடியுங்கள். பிறகு எண்ணெயில் ஓரம் சிவக்கப் புரட்டுங்கள். இந்தச் சிவப்பை விட்டுவிட்டால் பொரியலைச் சோற்றில் கலந்த மாதிரி சப்பென்று இருக்கும். பலாக்காய் கிடைக்காத நாளில் மீல் மேக்கர். உப்புப் போட்ட வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு தடவை அலசி, ஒட்டப் பிழிந்துவிடுங்கள், அப்போதுதான் சோயா வாடை போகும். காளான் என்றால் வெறும் வாணலியில் தண்ணீர் வற்றும்வரை வதக்கிவிட்டுச் சேருங்கள். கேரட், பீன்ஸ், பட்டாணி போட்டால் அது கல்யாண வீட்டு வெஜிடபிள் பிரியாணி. குறை சொல்லவில்லை, ஆனால் பேரன் கேட்பது அதுவா?

கறி விடும் சாறும் கொழுப்பும் இதில் இருக்காது. அதை ஈடுகட்ட எட்டுப் பத்து முந்திரியை அரைத்து மசாலாவில் சேர்த்து, அரிசி வடித்த கஞ்சியில் அரை டம்ளர் ஊற்றுங்கள். உப்பைக் கொஞ்சம் குறைத்தே போடுங்கள், கறி தாங்கும் உப்பைக் காய் தாங்காது. தோசைக்கல் மேல் பாத்திரத்தை வைத்து, சிறு தீயில் 15 நிமிடம் தம்.

தொட்டுக்கொள்ள வேர்க்கடலை, எள், புளி போட்ட கத்திரிக்காய் தொக்கு இருக்கிறதே, அது பிறவியிலேயே வீகன். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம வேலூர் முள் கத்திரிக்காய் கிடைத்தால் விடாதீர்கள். கரண்டி மட்டும் ஆளுக்கொன்று, சைவப் பாத்திரத்தை முதலில் திறந்து பரிமாறுங்கள்.

அப்புறம், இனிப்புக்கு ஆற்காடு மக்கன் பேடா வாங்குவதாக இருந்தால், அதில் கோவா உண்டு. பேரனுக்கு எள்ளுருண்டை எடுத்துவையுங்கள்.