கேளுங்கள், சொல்கிறோம்: கெர்னலின் பொது ஃபங்ஷனை மாற்றலாமா?

கேள்வி: லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் லிப் அடைவில் உள்ள ஒரு ஸ்டிரிங் (எழுத்துத் தொடர்) ஃபங்ஷன், இடம் போதாமல் எழுத்துகளை வெட்டினாலும் பிழை என்று சொல்வதில்லை. அதன் ரிட்டர்ன் வேல்யூவை (அது திருப்பித் தரும் விடையை) மாற்றி பேட்ச் (திருத்தம்) அனுப்பலாமா? மாற்றம் நான்கே வரிதான்.

பதில்: அதே பெயரில் மாற்றாதீர்கள். புதுப் பெயரில் ஒரு ஃபங்ஷன் எழுதி, அழைப்பவர்களை அதற்கு மாற்றிவிட்டு, பழையதைக் கடைசியில் நீக்குங்கள். ஸ்டிரிங்கை நகலெடுக்கும் ஸ்டர்எல்காப்பி (strlcpy) என்ற ஃபங்ஷன் அப்படித்தான் போனது. அது மூல ஸ்டிரிங்கின் முழு நீளத்தைத் திருப்பித் தரும். அதற்காகக் கடைசி வரை படிக்கும். முடிவில் சுழியம் இல்லாவிட்டால் பஃபரையும் (ஒதுக்கிய நினைவிடத்தையும்) தாண்டிப் படித்துக்கொண்டே போகும். அதற்கு மாற்றாக 2015இல் கெர்னலின் 4.3 பதிப்பில் ஸ்டர்எஸ்காப்பி (strscpy) வந்தது. பழையது மொத்தமாக நீங்கியது 2024இல், 6.8 பதிப்பில்தான்.

ஏன் இவ்வளவு பொறுமை? நீங்கள் ரிட்டர்ன் வேல்யூவை மாற்றும் அதே வாரத்தில் வேறொருவர் தன் டிரைவரில் பழைய பொருளை நம்பி ஒரு புது அழைப்பைச் சேர்த்திருப்பார். இரண்டு பேட்ச்களும் வேறு வேறு கோப்புகளைத் தொடுவதால் மாற்றங்களை ஒன்றுசேர்க்கும் கிட் மோதல் காட்டாது. விடையின் வகை மாறாததால் கம்பைலரும் வாய் திறக்காது. பழைய பெயரே இல்லாமல் போயிருந்தால் பில்ட் (குறியீட்டை இயங்கும் நிரலாக்கும் வேலை) உடைந்து அன்றைக்கே தெரிந்திருக்கும்.

முதல் பேட்சில் புது ஃபங்ஷனும் அதற்கான கேயூனிட் (கெர்னலின் சோதனைக் கட்டமைப்பு) சோதனைகளும் இருக்கட்டும். பஃபர் அளவு 0, 1, சரியாகப் பொருந்தும் நீளம், ஒன்று கூடுதல் ஆகிய நான்கையும் சோதியுங்கள். தவறுகள் அங்கேதான் ஒளிந்திருக்கும். பிறகு அழைப்பவர்களை மாற்ற, சப்சிஸ்டத்துக்கு (கெர்னலின் ஒவ்வொரு பிரிவுக்கும்) ஒரு பேட்ச். ஒவ்வொன்றும் தனியாக பில்ட் ஆக வேண்டும், இல்லாவிட்டால் பின்னாளில் பைசெக்ட் செய்பவர் (எந்த மாற்றத்தில் பிழை வந்தது என்று பாதி பாதியாகத் தேடுபவர்) பாதியில் மாட்டிக்கொள்வார். பவர்பிசி, எஸ்390 போன்ற செயலி வகைகள் சில ஸ்டிரிங் ஃபங்ஷன்களைத் தங்கள் ஆர்ச் அடைவிலேயே தனியாக வைத்திருக்கின்றன. அவற்றைப் பார்க்காமல் பொதுக் கோப்பை மட்டும் திருத்தினால், ஒரே ஃபங்ஷன் இரண்டு கணினிகளில் இரண்டு விதமாக நடக்கும்.

கேள்வி: அழைப்புகளை காக்சினெல் (குறியீட்டைத் தேடி மாற்றும் கருவி) ஸ்கிரிப்ட் கொண்டு ஒரேயடியாக மாற்றிவிட்டால் என்ன?

பதில்: தேட அது அருமையான கருவி. ஆனால் ரிட்டர்ன் வேல்யூவைப் பயன்படுத்தும் இடங்களை மட்டுமாவது கண்ணால் படியுங்கள். எழுத்துகள் வெட்டுப்பட்டால் ஸ்டர்எஸ்காப்பி மைனஸ் 7 என்ற பிழை எண்ணைத் தரும். 16 பைட் பஃபருக்கு, விடையை இன்ட் (குறியுள்ள முழு எண்) மாறியில் வாங்கி '16க்குக் குறையாமல் இருக்கிறதா' என்று பார்க்கும் பழைய சோதனை அப்போது பொய்த்துவிடும். வெட்டு நடந்தது தெரியவே தெரியாது. விடையை நீளத்தோடு கூட்டிக்கொண்டே போகும் குறியீட்டில் இன்னும் மோசம்: எழுதும் இடம் ஏழு பைட் பின்னால் போய், ஏற்கெனவே எழுதியதன் மேல் எழுதும்.

ஸ்டர்என்காப்பி (strncpy) என்ற இன்னொரு பழைய நகல் ஃபங்ஷனை மாற்றும்போது ஆபத்து வேறு. அது மீதி இடம் முழுவதையும் சுழியத்தால் நிரப்பும். ஸ்டர்எஸ்காப்பி அதற்கு உறுதி தராது. அந்த பஃபரைக் கொண்ட ஸ்டிரக்ட் (தரவுத் தொகுப்பு) பயனர் நிரல்களின் பக்கத்துக்கு அப்படியே நகலெடுக்கப்பட்டால், கெர்னல் நினைவகத்தின் பழைய பைட்டுகளும் சேர்ந்து வெளியே கசியும். அங்கே, மீதியையும் சுழியத்தால் நிரப்பும் ஸ்டர்எஸ்காப்பி பேட் என்ற வடிவம்தான் சரி.

கேள்வி: பேட்ச் அனுப்பி நான்கு நாளாகிறது. பதிலே இல்லை.

பதில்: ஒரு வாரமாவது பொறுங்கள். புது மாற்றங்கள் முதன்மைக் கெர்னலில் சேரும் மெர்ஜ் விண்டோ திறந்திருக்கும் இரண்டு வாரங்களில் புதுப் பேட்ச்களைப் பலர் பார்க்கவே மாட்டார்கள். அதன் முடிவில் ஆர்சி1 என்ற முதல் சோதனைப் பதிப்பு வந்தபின் நினைவூட்டுங்கள். பேட்சை யாருக்கு அனுப்புவது என்று சொல்லும் கெட் மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் காட்டிய அனைவருக்கும் போயிருக்கிறதா என்றும் பாருங்கள். திருத்தி அனுப்பினால் தலைப்பில் வி2 என்று போட்டு, என்ன மாறியது என்பதை கமிட் செய்தி (மாற்றத்தின் விளக்கம்) முடியும் இடத்திலுள்ள மூன்று கோடுகளுக்குக் (---) கீழே எழுதுங்கள். மேலே எழுதினால் அது கமிட் செய்தியோடு வரலாற்றில் தங்கிவிடும்.