நான்கு நிறுவனங்களின் உழைப்பு, பேட்டண்ட் ஒருவர் பெயரில்

கேள்வி: நான் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்துகிறேன். வேறு வேறு நாடுகளில் உள்ள மூன்று நிறுவனங்களோடு சேர்ந்து, தனிக் கம்பெனி எதுவும் தொடங்காமல், இணையம் வழியாகவே இரண்டு ஆண்டுகளாக ஆராய்ச்சி செய்கிறோம். பேட்டரி எப்போது பழுதாகும் என்பதை முன்கூட்டியே சொல்லும் கருவி அது. சென்சார் ஒருவருடையது, சோதனைக்கூடம் இன்னொருவருடையது, கணிக்கும் அல்காரிதம் எங்களுடையது. வெளியுலகுக்கு ஒரே பெயர், ஒரே இணையதளம். கையெழுத்தானது இரண்டு பக்கப் புரிந்துணர்வு ஒப்பந்தமும் ஒரு ரகசியக் காப்பு ஒப்பந்தமும்தான். ஏழு மாதத்துக்கு முன் ஐரோப்பிய பேட்டண்ட் (காப்புரிமை) அலுவலகத்தில் தன் பெயரில் மட்டும் விண்ணப்பித்திருப்பதாக, முதலீட்டாளர்களுக்கான ஸ்லைடு ஒன்றில் எங்கள் கூட்டணியின் தலைமை நிறுவனம் போட்டிருக்கிறது. அந்த ஸ்லைடிலுள்ள வரைபடம் என் பொறியாளர் போட்டது. இப்போது என்ன செய்வது?

பதில்: உங்கள் கூட்டணிக்குப் பெயர் இருக்கிறது, லோகோ இருக்கிறது. ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு அப்படி ஓர் ஆள் கிடையாது. எனவே அதன் பெயரில் எந்தச் சொத்தும் இருக்க முடியாது. ‘எல்லோரும் சேர்ந்து செய்தது எல்லோருக்கும் சொந்தம்’ என்று நீங்கள் நம்பியிருப்பீர்கள். பேட்டண்ட் சட்டம் வேறு இடத்திலிருந்து தொடங்குகிறது: யார் மூளையில் உதித்தது, அவரிடமிருந்து உரிமை யாருக்கு வந்தது?

ஆகவே முதல் கேள்வி உங்களுக்கே. அந்தப் பொறியாளர் உங்கள் ஊழியரா, ஃப்ரீலான்சரா? ஃப்ரீலான்சர் என்றால், அவர் உரிமையை எழுத்தில் உங்களுக்கு மாற்றித் தந்தாரா? இல்லையென்றால் இன்றே அந்தக் கையெழுத்தை வாங்குங்கள். அது இல்லாமல் வழக்குப் போட்டால், உங்களுக்கே உரிமை இல்லை என்று எதிர்த்தரப்பு எழுந்து நிற்கும்.

நீங்கள் அனுப்பிய இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தேன். ஸ்லைடிலும் பொறியாளரின் மூலக் கோப்பிலும் கிடைக்கோட்டுக்குக் கீழே உள்ள சொல்லில் அதே எழுத்துப்பிழை. நல்ல சான்றுதான். ஆனால் படம் உங்களிடமிருந்து போனது என்பதை மட்டுமே அது காட்டும். பேட்டண்டில் கோரியுள்ள கருத்தே உங்கள் ஆளுடையது என்று காட்டினால்தான் அவர் கண்டுபிடிப்பாளர். அந்த யோசனை முதலில் எழுதப்பட்ட மின்னஞ்சல், மென்பொருள் குறியீட்டுக் களஞ்சியத்தின் தேதிப் பதிவுகள், கூட்டக் குறிப்புகள் எல்லாவற்றையும் திரட்டுங்கள். பொதுக் கோப்புறை தலைமை நிறுவனத்தின் கையில் இருந்தால், உங்களுக்கு உரிமையுள்ள கோப்புகளை அனுமதி துண்டிக்கப்படுவதற்கு முன்பே நகலெடுத்துவிடுங்கள்.

விண்ணப்பம் முதல் தாக்கலிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் வெளியாகும். அதுவரை அதில் என்ன கோரியிருக்கிறார்கள் என்று பார்க்க முடியாது. தலைமை நிறுவனத்திடம் எழுத்துமூலம் நகல் கேளுங்கள். பேட்டண்ட் பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான பாரிஸ் உடன்படிக்கைப்படி மற்ற நாடுகளில் முன்னுரிமையோடு, அதாவது முதல் தாக்கலின் தேதியே கணக்கில் வரும்படி, தாக்கல் செய்ய 12 மாதம்தான். அதில் உங்களுக்கு மிச்சம் ஐந்து. கோபத்தில் எதையும் பொதுவெளியில் எழுதிவிடாதீர்கள். ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் என்றாகிவிடும். இன்னும் விண்ணப்பத்தில் சேராத மேம்பாடுகளுக்கு, பேட்டண்ட் பெறத் தேவையான புதுமையும் கெட்டுப்போகும்.

பேச்சு முறிந்தால் வழி இருக்கிறது. ஐரோப்பிய அலுவலகம் உரிமைத் தகராறைத் தானே தீர்ப்பதில்லை. அது நாட்டு நீதிமன்றத்தின் வேலை. வழக்குத் தொடுத்ததற்குச் சான்று காட்டினால், வெளியீட்டுக்குப் பிறகு விண்ணப்ப நடைமுறையை நிறுத்திவைப்பார்கள். சான்று காட்டிய நாளிலிருந்து தலைமை நிறுவனம் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறவும் முடியாது. உரிமை உங்களுடையது என்று இறுதித் தீர்ப்பு வந்தால், பேட்டண்ட் இன்னும் வழங்கப்படாத நிலையில், மூன்று மாதத்துக்குள் அந்த விண்ணப்பத்தை உங்களுடையதாகவே தொடரலாம்.

ஆனாலும் நான் முதலில் சமரசத்தையே சொல்வேன். சென்சார் இல்லாத அல்காரிதத்தை யாருக்கு விற்பீர்கள்? உலக அறிவுசார் சொத்து அமைப்பு 1994 முதல் இத்தகைய தகராறுகளுக்கென்றே ஒரு சமரச, நடுவர் மையம் நடத்துகிறது. நடுவர் தீர்ப்பை 1958 நியூயார்க் உடன்படிக்கை வழியாகப் பல நாடுகளில் நிறைவேற்ற முடியும். நான்கு நாட்டுக் கூட்டணிக்கு இது பெரிய பலம்.

சமரசத்தில், ‘எங்கள் பெயரையும் சேர்த்துவிடுங்கள், போதும்’ என்று நின்றுவிடாதீர்கள். பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். கூட்டு உரிமை நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், ஒரு கூட்டு உரிமையாளர் மற்றவரைக் கேட்காமலே பேட்டண்டைப் பயன்படுத்தலாம், பிறருக்கு உரிமமும் தரலாம், வருமானத்தில் பங்கு தர வேண்டியதில்லை. இந்தியாவில் தானே பயன்படுத்தலாம். உரிமம் தர மற்றவர்களின் சம்மதம் வேண்டும். ஒரே கண்டுபிடிப்புக்குப் பல நாடுகளில் எடுத்த ஒரே பேட்டண்ட் குடும்பம், எதிரெதிர் விதிகள். யார் எந்தத் துறையில் விற்கலாம், உரிமம் தருவது யார், தாக்கல் செலவு யாருடையது, நீங்கள் கூட்டணிக்கு வருமுன்பே எழுதிய குறியீடு உங்களுடையதாகவே இருக்குமா, ஒருவர் விலகினால் என்ன என்பதையெல்லாம் எழுதிக் கையெழுத்தாக்குங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றும் உண்டு. பொதுப் பெயரில் ஆர்டர் எடுத்து லாபத்தைப் பகிர்ந்தால், பல நாடுகளில் அதைப் பங்குதாரர் தொழிலாகவே கருதுவார்கள். மற்றவர் வைத்த கடனுக்கு உங்களைப் பிடிக்கலாம். ஒப்பந்தம் முடியும்வரை அந்தப் பெயரில் புது ஆர்டர் எடுக்க வேண்டாம்.

இந்த வாரமே தலைமை நிறுவனத்துக்கு ஒரு கடிதம் போகட்டும். விண்ணப்ப நகலைக் கேளுங்கள். பேச்சு முடியும்வரை அதைத் திரும்பப் பெறவோ விற்கவோ மாட்டோம் என்ற உறுதியைக் கேளுங்கள். 14 நாள் கெடு வையுங்கள். மற்ற இரண்டு நிறுவனங்களுக்கும் நகல் அனுப்புங்கள். அவர்களும் இந்தச் செய்தியை அறியாமல் இருக்கக்கூடும்.