பல்லினச் சந்தையில் பெரிய பிராண்டுகள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: மலேசிய மக்கள் தொகையில் இந்தியர் ஏழு விழுக்காடுதான். அவர்களுக்கெனத் தனியாகச் செலவு செய்வது எங்கள் பிஸ்கட் நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகுமா? (ஷா ஆலம்)

2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி குடிமக்களில் ஏறக்குறைய 70 விழுக்காட்டினர் பூமிபுத்ராக்கள் (மலாய்க்காரரும் பிற பூர்வகுடியினரும்), 23 விழுக்காட்டினர் சீனர்கள், 7 விழுக்காட்டினர் இந்தியர்கள். ஆனால் எந்தக் கடையும் நாட்டுச் சராசரியை வைத்து வியாபாரம் செய்வதில்லை. கிளந்தானில் இந்தியர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. சிலாங்கூர், பேராக், நெகிரி செம்பிலான் மாநிலங்களில் பத்து விழுக்காட்டைத் தாண்டுகின்றனர். கிளைவாரி விற்பனைக் கணக்கை எடுத்துப் பார்த்த பிறகு கட்டுப்படியாகுமா என்று கேளுங்கள். அதைப் பார்க்காமல் விழுக்காட்டை மட்டும் எழுதி அனுப்பும் கடிதத்துக்கு இதைவிட விரிவாகப் பதில் சொல்ல இயலாது.

கேள்வி: ஹலால் முத்திரை இருந்தால் முஸ்லிம் அல்லாதவர்கள் எங்கள் இனிப்பு மிட்டாயை ஒதுக்குவார்களா? (ஜொகூர் பாரு)

ஒதுக்கமாட்டார்கள். நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறொன்று. ஹலால் சான்றிதழ் இருப்பதால் அதில் மாட்டுப் பொருள் இல்லை என்று ஆகாது. ஜெலட்டின் மாட்டிலிருந்து எடுத்ததா, மீனிலிருந்து எடுத்ததா என்பதை உறையில் கண்ணுக்குத் தெரியும் அளவில் அச்சிடுங்கள். மாட்டிறைச்சியைத் தவிர்க்கும் இந்துக்களும், கருணைத் தெய்வமான குவான் யின் வழிபாட்டின் காரணமாக அதைத் தொடாத சீனர்களும் விவரம் தெரியாவிட்டால் பொட்டலத்தை அடுக்கிலேயே திரும்ப வைத்துவிடுவார்கள்.

கேள்வி: எங்களுடையது பன்னாட்டு நிறுவனம். ஆயினும் மசாலாத் தூளில் உள்ளூர் நிறுவனங்களிடம் தோற்கிறோம். ஏன்? (பெட்டாலிங் ஜெயா)

மீன் கறிக்கும் இறைச்சிக் கறிக்கும் ஒரே தூளை விற்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது. பாபாஸ் போன்ற உள்ளூர் நிறுவனங்கள் இரண்டையும் தனித்தனியாக விற்கின்றன. வீட்டில் சமைப்பவர் எதிர்பார்ப்பதும் அதைத்தான். தூளைப் பிரித்த பிறகு சிறு பொட்டலங்களைப் பேரங்காடிக்கு மட்டுமன்றித் தாமான் (குடியிருப்புப் பகுதி) மளிகைக் கடைகளுக்கும் அனுப்புங்கள். இங்கும் கிளைவாரிக் கணக்கே வழிகாட்டும்.

கேள்வி: தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இந்திய வாடிக்கையாளரைக் கவர எப்படிப்பட்ட விளம்பரம் செய்யலாம்? (கோலாலம்பூர்)

இந்த ஆண்டு விளம்பரத்தை விட்டுவிடுங்கள். முறுக்கு மாவு, எண்ணெய், நெய், சீனி ஆகியவற்றைக் குடும்பங்கள் பல வாரங்களுக்கு முன்பே வாங்கத் தொடங்கிவிடுகின்றன. எஞ்சியிருக்கும் நாட்களில் உங்கள் சரக்கு கடைகளில் தீராமல் இருக்கிறதா என்று பார்ப்பதே உருப்படியான வேலை.

ஆண்டில் பதினொரு மாதம் இந்தியப் பயனீட்டாளரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாத நிறுவனங்கள், அக்டோபர் மாதத்தில் கோலத்தையும் குத்துவிளக்கையும் பதாகையில் போட்டுவிட்டு, விற்பனை ஏறவில்லையே என்று எனக்கு எழுதுவது பல்லாண்டுகளாக நடந்துவருகிறது. அண்மையில் ஒரு பேரங்காடியின் வாசலில், ஆள் உயரப் பதாகையில், தமிழ் வாழ்த்தைப் பார்த்தேன். எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு ஒவ்வோர் இடத்திலும் எழுத்துக்குப் பின்னால் நின்றது. பாதிப் புள்ளிகளைக் காணவில்லை. வடிவமைப்பாளரின் மென்பொருள் தமிழுக்கு ஏற்ப அமைக்கப்படாததால் நேர்ந்த கோளாறு அது. தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் அச்சுக்கு முன் ஒரு நிமிடம் பார்த்திருந்தால் தீர்ந்திருக்கும். அந்த வாசலைக் கடந்து சென்ற குடும்பங்கள், தங்களை அழைக்கும் நிறுவனத்தில் தங்கள் எழுத்தை அறிந்தவர் ஒருவரும் இல்லை என்பதை அங்கேயே படித்துக்கொண்டன. தட்டச்சுப் பிரதியை அல்ல, அச்சுக்குப் போகும் இறுதிக் கோப்பைத் தமிழறிந்தவரிடம் காட்டுங்கள் என்று மீண்டும் மீண்டும் எழுதிவருகிறேன்.

அடுத்த ஆண்டுக்கான வேலையை ஜனவரியிலேயே, பொங்கலிலிருந்து தொடங்குங்கள். பள்ளித் தவணை, தைப்பூசம், சித்திரைப் புத்தாண்டு என்று உங்கள் பொருள் ஒரு குடும்பத்துக்குப் பயன்படும் நாட்கள் ஆண்டு முழுவதும் இருக்கின்றன. தீபாவளிக்கு சரவாக்கில் மட்டும் பொது விடுமுறை இல்லை என்பதையும் நாடு தழுவிய திட்டம் போடுவோர் கவனிக்க வேண்டும்.

கேள்வி: நகைச்சுவைக்காக நடிகருக்குக் கறுப்பு முகப்பூச்சு பூசலாமா? (ஈப்போ)

கூடாது. 2017இல் மருந்து, அழகுப் பொருள் கடைத்தொடரான வாட்சன்ஸ் மலேசியா அப்படியொரு நோன்புப் பெருநாள் காணொளியை வெளியிட்டு, கடும் எதிர்ப்புக்குப் பின் அதை நீக்கி மன்னிப்புக் கேட்டது.

கேள்வி: வானொலியா, சமூக ஊடகமா? (சிரம்பான்)

எந்தப் பொருள், வாங்குபவரின் வயது என்ன என்று எழுதாமல் கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் குறிப்பிட்டு மீண்டும் எழுதுங்கள்.

கேள்வி: சீனப் புத்தாண்டும் நோன்பு மாதமும் நெருங்கி வருவதால் இரண்டுக்கும் ஒரே விளம்பரம் போதுமா? (பினாங்கு)

போதாது. 2026, 2027, 2028 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் சீனப் புத்தாண்டு பிறந்த ஓரிரு நாளில் நோன்பு தொடங்குகிறது. ஒரு வீட்டில் விருந்து நடக்கும் பகலில் அடுத்த வீட்டில் பட்டினி இருப்பார்கள். அந்நாட்களில் கடையில் உணவு மாதிரி கொடுக்கும் மேசையை மாலைக்கு மாற்றுங்கள். கூட்டு வாழ்த்தை 2029க்கு வைத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டு பிப்ரவரி நடுவில் சீனப் புத்தாண்டும் நோன்புப் பெருநாளும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகின்றன.