ஆபரேட்டர் பதில்கள்: எது முதல் ரீல்?

(தருமபுரியில் 28 வருடம் சினிமா புரொஜக்டர் ஓட்டியவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: கலவரப் படம் எதை எடுத்தாலும் ஆரம்பித்தவன் வில்லன், திருப்பி அடிப்பவன் ஹீரோ. நிஜத்தில் யார் ஆரம்பித்தது என்று அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியுமா?
- வாசகர், பென்னாகரம்

ரீலை மாற்றிப் போட்டவனிடமே கேட்கிறீர்கள். 1993 வாக்கில் ஓர் ஊர்ப்பகைப் படம். ஒரே பிரிண்டை எங்களுக்கும் பக்கத்து ஊர் தியேட்டருக்கும் பங்கு வைத்து ஓட்டினார்கள். ரீல் ரீலாக டிவிஎஸ் ஃபிப்டியில் வந்து இறங்கும். எட்டாவது ரீலில் வில்லன் ஆட்கள் ஹீரோ வீட்டு வைக்கோல் போருக்குத் தீ வைப்பார்கள். ஒன்பதில் ஹீரோ அரிவாளோடு அவர்கள் தெருவுக்குப் போவார். விசில் பறக்கிற ரீல். அன்று செகண்ட் ஷோ, அவசரத்தில் ஒன்பதை முதலில் மாட்டிவிட்டேன். ஹால் கப்சிப். பெஞ்சிலிருந்து ஒரு பெரியவர், “இவன் எதுக்குடா போறவன் வர்றவனையெல்லாம் வெட்டறான்?” என்றார். அப்புறம் எட்டு ஓடியது, போர் எரிந்தது. அதே பெரியவர், “பின்ன? வெட்டினா சும்மா இருப்பானா?” என்றார். படத்தில் ஒரு ஃப்ரேம்கூட மாறவில்லை. முதலாளியிடம் நான் வாங்கிக்கட்டிக்கொண்டது தனிக்கதை.

‘ஹே ராம்’ (2000) பார்த்திருப்பீர்கள். 1946 ஆகஸ்ட் 16, கல்கத்தாவில் இந்து-முஸ்லிம் கலவரம். சாகேத் ராமின் மனைவியை வீடு புகுந்து சீரழித்துக் கொல்கிறார்கள். வந்தவர்களில் ஒருவன் தெரிந்த தையல்காரன். அதைப் பார்த்துவிட்டு ராம் துப்பாக்கியோடு இறங்கும்போது நம் கையும் துறுதுறுக்கிறது. கமல் இதைத் தெரிந்தேதான் செய்தார் என்பது என் எண்ணம். நம்மையும் கூட்டாளியாக்கி, அந்தத் துப்பாக்கி காந்தியைத் தேடிப் போகிறவரை இழுத்துக்கொண்டு போகிறார். கிழவர் ராம் சாகக் கிடக்கும் நாளோ 1999 டிசம்பர் 6. வெளியே மறுபடி கலவரம். ஆனாலும் அந்தத் தையல்காரனுக்கென்று தனியாக ஒரு ரீல் கிடையாது. அது எனக்குக் குறைதான்.

‘பிஃபோர் தி ரெயின்’ (1994) என்று ஒரு மாசிடோனியப் படம், வெனிஸில் தங்கச் சிங்கம் வாங்கியது. மகன் லேப்டாப்பில் போட்டுக் காட்டினான். மாசிடோனியர்களுக்கும் அல்பேனியர்களுக்கும் நடுவே பகை. மூன்று பகுதி, மூன்றாவது முடிகிற இடத்தில் முதலாவது தொடங்குகிறது. சரி, வட்டம் போலிருக்கிறது என்று பார்த்தால் அதுவும் பொருந்தவில்லை. செத்துக் கிடக்கிற அல்பேனியப் பெண்ணின் போட்டோ, அவள் சாவதற்கு முன்பே லண்டனில் ஒருத்தியின் கையில் இருக்கிறது! இந்தப் படத்தில் எந்த ரீலை மாற்றி மாட்டியிருந்தாலும் நான் தப்பித்திருப்பேன். அந்த அல்பேனியப் பெண்ணைச் சுடுவது எதிர்ப்பக்கத்தான் இல்லை, கூடப்பிறந்தவன். அவளைக் காப்பாற்றப் போகிற மாசிடோனியனைச் சுடுவதும் அவனுடைய பங்காளிதான்.

கேள்வி: 2012இல் நம் மாவட்டத்தில் நடந்ததைப் படமாக்கினால் எங்கே தொடங்கச் சொல்வீர்கள்?
- வாசகி, தருமபுரி

மேலே ரீல் கதை சொன்னேன் என்பதற்காக இதையும் ‘ரெண்டு பக்கமும்தான்’ என்று எடுத்துவிடக் கூடாது. 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்று மூன்று தலித் குடியிருப்புகளில் 200க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. எரிந்தன என்றா எழுதுகிறேன்? எரித்தார்கள். சாதி தாண்டிய ஒரு காதல் கல்யாணம், அதையொட்டி ஒரு தற்கொலை, அதுதான் சாக்கு. கல்யாணத்தில் தொடங்கினால் ஏதோ அந்த இரண்டு பிள்ளைகள் மூட்டிய தீ மாதிரி ஆகிவிடும். நானாக இருந்தால் எரிந்த வீடுகளில் ஒன்றுக்குப் பீரோ வாங்குகிற நாளில் தொடங்குவேன். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்ச் சேர்த்த காசு, மினி லாரி, இறக்க நாலு பேர், கண்ணாடிக்கு மேலே ஒரு குங்குமப் பொட்டு. பத்து நிமிஷம் அதையே காட்டுவேன்.

கேள்வி: ஆபரேட்டர் ரூமிலிருந்து பார்த்ததில் மறக்காத காட்சி?
- வாசகர், அரூர்

‘பம்பாய்’ (1995). அந்த இரட்டைப் பையன்களைப் பிடித்து எண்ணெய் ஊற்றி, இந்துவா முஸ்லிமா என்று கேட்கிற இடம். என் சின்ன ஜன்னல் வழியாக நான் ஸ்கிரீனைவிட ஹாலைத்தான் அதிகம் பார்ப்பேன். முறுக்குத் தட்டோடு வந்த பையன் நடுவழியில் அப்படியே நின்றுவிட்டான். மறைக்கிறான் என்று ஒருவரும் அதட்டவில்லை.