சைக்கிள விட்டுடவா, ஓடவா?

கேள்வி: அண்ணா, விடியக்காலம உப்புவெளியில இருந்து நிலாவெளி வரைக்கும் ரேஸ் சைக்கிள் ஓடுறனான். போன வருசம் விழுந்து காறையெலும்பு முறிஞ்சுது, இப்ப பழைய ஸ்பீட் வருதில்ல. விட்டுடவா?
- வாசகர், உப்புவெளி

பதில்: சும்மா 'விடாதீங்க' எண்டு சொல்லேலாது தம்பி, ஆனா இங்கிலாந்து சைக்கிள் வீரர் மார்க் கவென்டிஷ்ட கதையக் கேளுங்க. 2016 வரைக்கும் டூர் டி பிரான்ஸ் எண்ட பெரிய சைக்கிள் போட்டியில 30 ஸ்டேஜ் (ஒவ்வொரு நாள் ஓட்டமும் ஒரு ஸ்டேஜ்) வெண்ட மனுசன், 2017ல எப்ஸ்டீன்-பார் வைரஸ் வந்து வாடிப்போனார், 2018ல குறிச்ச நேரத்துக்குள்ள வந்து சேரேலாம வெளிய போனார், அடுத்த ரெண்டு வருசம் அந்தப் போட்டிக்கு டீம்ல எடுக்கவே இல்ல. கதை முடிஞ்சுது எண்டு எல்லாரும் நினைக்க, 2021ல 4 ஸ்டேஜ் வெண்டு பெல்ஜியம் வீரர் எடி மெர்க்ஸ்ட 34 ஸ்டேஜ் சாதனையத் தொட்டார். 2023ல விழுந்து காறையெலும்பு முறிஞ்சுது, உங்களப் போலதான். 2024 போட்டி இத்தாலியில தொடங்கின முதல் நாள் வெயில்ல சைக்கிள்ல இருந்தபடியே சத்தி எடுத்தவர், டீம் பெடியள்தான் கூட நிண்டு கொண்டுவந்து சேர்த்தவங்கள். அஞ்சாவது ஸ்டேஜ்ல 35ஆவது வெற்றி, மெர்க்ஸையும் தாண்டிட்டார்! வயசு 39.

முதல்ல எலும்பு நல்லாப் பொருந்திட்டுதா எண்டு டொக்டரிட்ட கேளுங்க. பிறகு நிலாவெளி ரோட்டில எதிர்க்காத்து அடிக்கேக்க மட்டும் மீற்றரப் பாக்காதீங்க, அங்க ஆருக்கும் ஸ்பீட் வராது.