நண்பர்களுடன் 13 சீட்டு ரம்மி ஆடுவது எப்படி? ஜோக்கர் இல்லாத வரிசை ஏன் கட்டாயம்?

கையில் வரும் 13 சீட்டுகளையும் மிச்சமில்லாமல் கூட்டங்களாகச் சேர்ப்பதுதான் ரம்மி. கூட்டம் இரண்டு வகை. ஒரே சின்னத்தில் தொடர்ந்து வருவது வரிசை: ஹார்ட்டின் 4, 5, 6 மாதிரி. ஒரே எண் வெவ்வேறு சின்னங்களில் வந்தால் செட்.

இரண்டு கட்டுகளைக் கலைத்து ஆளுக்கு 13 போடுங்கள். ஒரு சீட்டைத் திருப்பி வையுங்கள். அந்த எண் எல்லாமே ஜோக்கர்: எந்தச் சீட்டுக்குப் பதிலாகவும் வைக்கலாம். பிறகு முறை வரும்போது ஒன்றை எடுத்து ஒன்றைக் கழிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு வரிசையாவது வேண்டும். அதில் ஒன்று ஜோக்கர் உதவியில்லாத ‘ஒரிஜினல்’. ஜோக்கர் என்பது, வராத ஆசிரியருக்குப் பதிலாக எந்த வகுப்புக்கும் போகிறவரைப் போல. எல்லா வகுப்பையும் அவரே நடத்தினால் எப்படி? நிறைய ஜோக்கர் வந்தவர் யோசிக்காமலே ஜெயித்துவிடுவார். அதைத் தடுக்கத்தான் இந்த விதி. ஒரிஜினல் சேராமல் தோற்றால், செட் எத்தனை இருந்தாலும் கையிலுள்ள அத்தனைக்கும் அபராதப் புள்ளி ஏறும் (வழக்கமாக 80 வரை). அதனால் முதலில் ஒரிஜினலைத் தேடுங்கள். எதிராளி எதை எடுக்கிறார் என்றும் கவனியுங்கள். பாதி ஆட்டம் அதில்தான் இருக்கிறது.

ஜோக்கர் எண் கலந்தாலே ஒரிஜினல் ஆகாது என்று பலர் நினைக்கிறார்கள். 5 ஜோக்கராக இருந்தாலும், ஹார்ட்டின் 4, 5, 6-இல் அந்த 5 தன் இடத்திலேயே நிற்பதால் அது ஒரிஜினல்தான்.